தேசிகனின் தொண்டையில் சில்வெஸ்டர்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் குழுவின் உத்தரவில் பிறந்தது. இலக்கியம் பிறக்கவே கூடாத இடம் அதுதான் என்று மேடையில் பேசியிருக்கிறேன். கூட்டத்தில் நாற்காலி எடுத்துப்போட வந்தவர் மட்டும் கைதட்டினார்.

குழுவின் பெயர் ‘எம்.காம் கோல்டன் பேட்ச்’. (தங்கப் பதக்கம் வாங்கியவள் குழுவில் இல்லை. முதல் வாரமே வெளியேறிவிட்டாள். புத்திசாலி.) படிப்பை முடித்து இருபது வருடம் ஆனதைக் கொண்டாட, ஊருக்கு வெளியே அத்திபெலே தாண்டி ஒரு மாந்தோப்பில் குடும்பத்தோடு கூடினோம். கூடிக் கலைந்த மறுநாள் அம்ருதா குழுவில் எழுதினாள்: “கவி, நீதானே நம்ம ரைட்டர். ரீயூனியன் பத்தி காமெடியா ஒண்ணு எழுது. அந்த மேட்டர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.”

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எனக்குக் கவியரசன் என்று பெயர் வைத்தது அப்பா. வைத்தவர் அதோடு என்னை எம்.காமில் சேர்த்தும் விட்டார். இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். இரண்டையும் யாரும் படிப்பதில்லை. ஆனால் குழாய்க் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டராவது திறந்து பார்க்கிறார்.

காமெடிதானே, உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: மாமரத்தடியில் தொப்பைகள் இரண்டு அணியாகப் பிரிந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தன.

நல்ல வரி, உண்மையும்கூட. ஆனால் அடுத்த வரியில் பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினால், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜோவிதா நிற்கிறாள். அவள் வந்துவிட்டால் தொப்பைகள் காமெடியாக இருக்க மறுக்கின்றன.

தொடக்கம் இரண்டு: சில்வெஸ்டர் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்னைப் பார்த்து, “மச்சி,

இங்கே பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் அந்த மேட்டர். எனவே அம்ருதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையே எழுதுகிறேன்.

2

சில்வெஸ்டர் காக்ஸ் டவுன்காரன். எம்.காமில் எங்களோடு சேர்ந்த அதே மாதம் ஒரு கால் சென்டரிலும் சேர்ந்தான். இரவு முழுக்க ஸ்டீவ் என்ற பெயரில் அமெரிக்கர்களிடம் கிரெடிட் கார்டு பாக்கி கேட்பான். காலையில் கம்பெனி வண்டி அவனை இறக்கிவிடும்போது எங்களுக்கு முதல் வகுப்பு தொடங்கும். அவன் வீட்டுக்குப் போய்த் தூங்குவான். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதற்குத்தான் தேசிகன் இருந்தான்.

தேசிகன் மல்லேஸ்வரத்து ஐயங்கார்ப் பையன். எந்தக் குரலையும் தொண்டைக்குள் வாங்கிப்போட்டுத் திருப்பிக் கொடுப்பான். நாராயணசாமி சார் தலையைத் தூக்காமல் பெயர் கூப்பிடுகிறவர். “சில்வெஸ்டர்” என்பார். தேசிகன் குனிந்துகொண்டு, நைட் ஷிஃப்ட் கொட்டாவி ஒன்றை உள்ளே வைத்து, காக்ஸ் டவுன் இழுப்பு ஒன்றை வெளியே வைத்து, “யெ...ஆ...ஸ்ஸார்” என்பான். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். இரண்டு வருடமும் தினமும் இது நடந்தது. சில்வெஸ்டர் வராமலே வகுப்பின் செல்லப்பிள்ளை ஆனான்.

அதன் பிறகு ஜோவிதாவோடு கல்யாணம். அதன் பிறகு தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மகள் ஷெரின் பிறந்தது அதற்குப் பிறகு. டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு பேசுவானாம். எல்லாச் சொல்லும் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரே சுருதியில் வருமாம். இப்படிப் பத்து வருடம் இருந்துவிட்டு இறந்துபோனான். அதுகூட எங்களுக்குத் தெரியாது. அம்ருதா தன் பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளியில் ஜோவிதா டீச்சராக இருந்ததால்தான் சேதி வந்தது.

(இங்கே லாவண்யா குறுக்கிட்டாள். லாவண்யா என் மனைவி, முதல் வாசகி, பெரும்பாலும் கடைசி வாசகியும். “பழைய வாய்ஸ் ஒண்ணுகூடவா இல்ல? கல்யாண வீடியோ இருக்குமே?” இருக்கிறது. மூன்று மணி நேரம். முழுக்கப் பின்னணியில் பாட்டு ஓடுகிறது. வாய் அசைகிறது, கேக் ஊட்டுகிறான், என்னவோ சொல்கிறான், பாட்டுதான் கேட்கிறது. “அப்போ போன்?” அந்தக் காலத்து போன், பாம்பு கேம் விளையாடுவதற்கு வைத்திருந்தது.)

3

தோப்பு உமேஷின் மாமனாருடையது. உமேஷ் கன்னடக்காரன், எங்களோடு சேர்ந்து தமிழ் கற்றுக்கொண்டவன். எங்களைவிட நன்றாகத் திட்டுவான். எல்லோருக்கும் முதுகில் பெயர் அச்சடித்த டி-ஷர்ட் தைக்கச் சொல்லியிருந்தான். சில்வெஸ்டருக்கும் ஒன்று அச்சாகி வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஷெரினிடம் கொடுத்தார்கள். பதினோரு வயதுப் பெண். அது அவளுக்கு முழங்கால் வரை வந்தது. போட்டுக்கொண்டே மாமரத்தில் ஏறினாள்.

(ஷெரின் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்குத் தேவையான அளவு சரியாக நடந்துகொள்கிறாள். லாவண்யாவும் அதையே சொன்னாள்: “ரொம்ப சமத்தா இருக்கா. எங்கயாவது ஒரு இடத்துல அழ வை.” “நிஜத்துல அழலயே.” “நிஜத்துக்கு என்னை மாதிரி ஒரு எடிட்டர் இல்ல, அதான்.”)

சாப்பாட்டுக்கு முன்னால் உமேஷ் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நாராயணசாமி சார் ஆனான். அட்டெண்டன்ஸ். பழைய வரிசையில் பெயர் கூப்பிட, நாங்கள் பழைய குரல்களில் பதில் சொன்னோம். பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாக்களைப் புதிதாகப் பார்த்துச் சிரித்தன. சில்வெஸ்டர் பெயர் வரும்போது ஒரு நிமிடம் மௌனம் என்று அம்ருதா ஏற்பாடு செய்திருந்தாள். ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். தேசிகனுக்கும் தெரியும்.

உமேஷ் கண்ணாடியைக் கழற்றினான். நிஜமான துக்கத்தோடு, “சில்வெஸ்டர்” என்றான்.

தலை குனிந்தோம். பிள்ளைகள்கூட அடங்கின. பின்னால் பிரியாணி அண்டாவின் மூடியை யாரோ மெதுவாக வைத்தார்கள்.

அந்த மௌனத்துக்குள், என் வலப்பக்கத்திலிருந்து:

“யெ...ஆ...ஸ்ஸார்.”

நாங்கள் சிரித்துவிட்டோம். இதை வேறு மாதிரி எழுத மூன்று முறை முயன்றேன். ‘சிலர் சிரித்தார்கள்’ என்று. ‘ஒரு கணம் திகைத்து’ என்று. இல்லை, மொத்த வகுப்பும் சிரித்தது, அம்ருதா உட்பட, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கி, அதே பழைய சிரிப்பு. நின்றபோது ஒவ்வொருவர் முகமும் கன்னத்தில் அடி வாங்கியதுபோல் இருந்தது.

“ஐயோ” என்றான் தேசிகன், ஜோவிதாவைப் பார்த்து. “சிஸ்டர், ஸாரி. சத்தியமா வேணும்னு இல்ல. அந்தப் பேரைக் கேட்டா வாய் தானா...”

“சும்னிரு குரு” என்று நாற்காலி மேலிருந்து கன்னடத்தில் அவன் வாயை அடைத்தான் உமேஷ்.

அதற்குள் ஷெரின் மரத்திலிருந்து இறங்கி, டி-ஷர்ட் காலைத் தடுக்க, நேராக தேசிகனிடம் வந்தாள்.

“அங்கிள், அது டாடி வாய்ஸா?”

தேசிகன் என்னைப் பார்த்தான். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

“ஆமாண்டா கண்ணா. அப்படித்தான் சொல்லுவான்.”

(சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியிருந்தால் தேசிகன் எதற்கு?)

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னான். கொட்டாவியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

“எஸ் சார் வேண்டாம். வேற ஏதாவது பேசுங்க. டாடி மாதிரி.”

தேசிகன் நல்லவன். நல்லவனுக்கு ஒருமுறை கைதட்டல் கிடைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான். “மச்சி, ஒரு டீ சொல்லேன், கண்ணைத் தொறக்க முடியல” என்றான். “இன்னா மச்சி, அந்த சார் இன்னிக்கும் மூஞ்சியைக் காட்டலயா” என்றான். ஷெரின் வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள், டாடி அப்படித்தான் பேசுவாரா என்று.

“சேம் டு சேம், செல்லம்” என்றாள் அம்ருதா.

“அச்சு அசல்” என்றான் உமேஷ்.

“அப்படியே” என்றேன் நான்.

4

இப்போது அந்த இரண்டாவது தொடக்கம். சில்வெஸ்டர் இருந்திருந்தால் என்னைப் பார்த்து, “மச்சி, என்று எழுதியதும் அது காதில் கேட்டது. கொட்டாவியும் இழுப்புமாக. தேசிகன்.

அடித்துவிட்டு வேறு வாக்கியம் போட்டேன். சில்வெஸ்டர் பரீட்சை அன்று என்னிடம் பேனா கேட்டான், “கவி, எக்ஸ்ட்ரா பேனா

அதுவும் தேசிகன்தான்.

சில்வெஸ்டர் ஆங்கிலத்தில் ஒருமுறை

அதுவும்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அவன் வகுப்புக்கு வந்ததே அபூர்வம். வந்தால் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவான். நாங்கள் தினமும் கேட்டது தேசிகன் சொன்ன சில்வெஸ்டரை. இருபது வருடமாக அவனை நினைத்துச் சிரித்ததும், சேதி கேட்டு வருந்தியதும், அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான். அச்சு அசல் என்று சத்தியம் செய்த எங்களில் ஒருவருக்கும் அசல் தெரியாது.*

* அசல் எங்கே இருந்தது என்று மட்டும் தெரியும். ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு இரவும் ஒரு இயந்திரம் சொன்ன பிறகுதான் அவன் பேசத் தொடங்குவான். இரண்டு வருட இரவுகள். ஸ்டீவாக, அமெரிக்க உச்சரிப்பில், மரியாதையாக. அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது பல்பொருள் அங்காடி. சில்வெஸ்டரின் சொந்தக் குரலைச் சரியாகக் கேட்டவர்கள் கடன் கட்டாத அமெரிக்கர்கள்தான். பாதியில் போனை வைத்திருப்பார்கள்.

5

கை கழுவும் டிரம் அருகே ஜோவிதா தனியாக நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனேன். என் வாயில் ஜோக்தான் வந்தது.

“அந்த வாய்ஸுக்கே தனியா ஒரு எம்.காம் சர்ட்டிபிகேட் குடுத்திருக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

“கவி அண்ணா, நீங்க எழுதறவரு. நல்லா கவனிச்சிருப்பீங்க. அவர் வாய்ஸ் நிஜமாவே அப்படியா இருந்துச்சு?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“ஆபரேஷனுக்கப்புறம் அந்த மெஷின் சத்தந்தானே. கேட்டுக் கேட்டு பழைய வாய்ஸ் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கூடவே இருந்தேன், போறதை நிறுத்த முடியல. அப்பப்போ கண்ணை மூடிக்கிட்டு ஞாபகப்படுத்திப் பாப்பேன். இன்னிக்குக் காலையில வரைக்கும்கூட கொஞ்சம் இருந்துச்சு.” டிரம்மின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கி மூடினாள். “இப்போ எங்க தேடினாலும் தேசிகன் அண்ணாதான் கொட்டாவி விடறாரு.”

இந்த முறை உருப்படியாக ஒரு கேள்வி கேட்டேன்.

“ஒண்ணுமே இல்லயா?”

“என் பேரு இருக்கு. வாசல்ல ஷூவைக் கழட்டும்போதே கூப்பிட்டுடுவாரு. நான் எந்த ரூம்ல இருக்கேன்னு பாக்கறதுக்கு முன்னாடியே. அந்த ஒரு வார்த்தை மட்டும் அப்படியே இருக்கு. அதுல இன்னும் யாரும் கை வைக்கல.”

தூரத்தில் ஷெரின், தேசிகனின் போனை வாங்கி அவன் எண்ணைத் தன் அம்மாவின் போனில் பதிந்துகொண்டிருந்தாள். ஜோவிதா அதைப் பார்த்தாள்.

“அவளுக்கு ஏதோ கிடைச்சிருக்கு. இருக்கட்டும். அவ முன்னாடி நான் அது டாடி வாய்ஸ் இல்லன்னு சொல்ல மாட்டேன்.” பிறகு, என் முகத்தில் எதையோ கண்டவள்போல, “எழுதப் போறீங்களா?”

“இல்ல இல்ல.”

“எழுதிக்கங்க, பரவாயில்ல. ஷெரினுக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கு பைபிள் மட்டுந்தான் ஓடும்.”

இதற்குமேல் ஓர் எழுத்தாளனுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நான் முடித்தும்விட்டேன், கடைசி வரியில் மாமரங்கள் மேல் மாலை வெயில் விழுந்தது. லாவண்யா அந்த வெயிலை அடித்துவிட்டாள். அன்று சாயங்காலம் தேசிகன் போன் செய்தான்.

“மச்சி, ஒரு ஹெல்ப். டயலாக் எழுதித் தரணும்.”

“யாருக்கு?”

“சில்வெஸ்டருக்கு.”

ஷெரின் அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை எனக்கும் அனுப்பிவைத்தான். கேட்டேன், அப்படியே இறக்கிவைக்கிறேன்:

“அங்கிள், சண்டே மம்மி பர்த்டே. நீங்க டாடி வாய்ஸ்ல விஷ் பண்ணி அனுப்பணும். சர்ப்ரைஸ். கடைசில ‘ஜோவி’ன்னு கூப்பிடணும், அதுதான் இம்பார்ட்டண்ட். டாடி அப்படித்தான் கூப்பிடுவாரு. ஆனா மெஷின்ல அது சரியா வராது, ‘ஸோவி’ன்னு வரும். மம்மி எவ்ளோ வருஷமா கரெக்டா கேக்கவே இல்ல, பாவம். நீங்க நல்லா கூப்பிடுங்க. மம்மிகிட்ட சொல்லிடாதீங்க.”

“எப்படிடா இல்லங்கறது?” என்றான் தேசிகன். “அன்னிக்குப் பண்ண தப்புக்கு இதையாவது ஒழுங்கா பண்றேன். கொட்டாவியெல்லாம் போட மாட்டேன். டீசன்ட்டா, நாலு வரி. உமேஷ்கிட்டகூட கேட்டேன். அவன் ஆபீஸ்ல பசங்க கம்ப்யூட்டர்லயே எந்த வாய்ஸ் வேணும்னாலும் செஞ்சு தருவாங்களாம். ஒரு சாம்பிள் இருந்தா போதுமாம்.”

“சாம்பிளுக்கு எங்க போறது?”

“என்னைத்தான் பேசச் சொல்றான்.”

7

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முதல் முடிவு. ஜோவிதா என்னிடம் சொன்னதைத் தேசிகனிடம் சொல்லிவிடுகிறேன். அவன் உடைந்துபோவான். உடைந்த தேசிகன் ஆறுதலுக்குக் குழுவுக்குத்தான் போவான். அம்ருதா ஓர் அழும் முகத்தைப் போடுவாள், கீழே முப்பது பேர் அதையே போடுவார்கள். அந்தக் குழுவில் சில்வெஸ்டரின் எண் இன்னும் இருக்கிறது. அந்த போன் ஜோவிதாவிடம் இருக்கிறது.

இரண்டாவது முடிவு. ஜோவிதாவிடம் அந்த சர்ப்ரைஸைச் சொல்லிவிடுகிறேன். இது நேர்மையானது என்று பாதி எழுதிய பிறகுதான் புரிந்தது. சொன்னால் அவள் என்ன செய்வாள்? ‘விடுங்கண்ணா, குழந்தை ஆசைப்படறா’ என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒன்றும் தெரியாதவள்போல, மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டு முடிப்பாள். தெரியாமல் இழப்பதைத் தெரிந்தே இழக்க வைப்பேன், அவ்வளவுதான் என் நேர்மை.

மூன்றாவது முடிவு. ‘ஜோவி’ என்ற பெயர் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தேசிகன் கடைசியில் அவனே சேர்த்துக்கொள்வான். அதுதானே இம்பார்ட்டண்ட்.

நான்காவது முடிவு லாவண்யாவுடையது. “அந்தப் பொண்ணையே கூப்பிடச் சொல்லு. அவ சொந்த வாய்ஸ்ல. அம்மாவுக்கு அதைவிட என்ன வேணும்?” இருபது வருடத்தில் இந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றாத அளவு நல்ல யோசனை. தேசிகனிடம் சொன்னேன், காரணத்தைச் சொல்லாமல். அவன் ஷெரினிடம் சொன்னான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

“எனக்கு டாடி வாய்ஸ் வராதே, அங்கிள்.”

(லாவண்யா, நீ எதிர்பார்த்த அழுகை கடைசியில் வந்தது. அவளிடமிருந்து அல்ல.)

இன்றைக்குச் சனிக்கிழமை. தேசிகனிடமிருந்து மூன்று மெசேஜ்கள். வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயாராக வைத்திருக்கிறானாம். நாளைக்குக் காலையில் அம்மா சர்ச் பூசைக்குக் கிளம்புவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று ஷெரின் சொல்லியிருக்கிறாளாம்.

வாசகரே, உங்களிடம்தான் கேட்க முடியும். சில்வெஸ்டர் பேசி நீங்கள் கேட்டதில்லை, தேசிகனையும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் காது சுத்தமாக இருக்கிற ஒரே ஆள் நீங்கள். நாங்கள் எல்லோரும் கெட்டுப்போனவர்கள்.

இதுவரை எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: ‘ஹாப்பி பர்த்டே.’ அதற்கப்புறம் அந்தச் சொல்லை எழுதினால் ஒரு குழந்தை தன் அம்மாவுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு அது. எழுதினால் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு வாசலில், ஷூவைக் கழற்றியபடி, இனிமேல் எப்போதும் தேசிகன்தான் வந்து நிற்பான்.

நான்காவது மெசேஜும் வந்துவிட்டது. “மச்சி, எழுதிட்டியா?”

என்ன பதில் போடட்டும்?